293318625600 (எண்)

293318625600 (இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு) என்பது பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட ஓர் இயற்கை எண் ஆகும். எண் கோட்பாட்டில் இஃது ஓர் உயர் பகு எண். அதாவது, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு மிகுதியான வகுத்திகளை உடையது. இதன் வகுத்திகளின் எண்ணிக்கை 5040 ஆகும்.

கணித மேதை சீனிவாச இராமானுசன் 1915 ஆம் ஆண்டில் உயர் பகு எண்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். அதில் 6746328388800 வரையிலான உயர் பகு எண்களின் அட்டவணை ஒன்றைத் தந்தார். அவ்வட்டவணையில் 102 எண்கள் உள்ளன. இருக்க வேண்டியவை 103. விடுபட்டுப்போன அந்த ஓர் எண் 293318625600 ஆகும். இதனாலேயே இவ்வெண் கணித வரலாற்றில் தனி இடம் பெறுகின்றது.

உயர் பகு எண் என்றால் என்ன?

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுத்திகள் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12 இன் வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12 ஐ விடச் சிறிய எண்கள் எவற்றுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. ஆகவே 12 ஓர் உயர் பகு எண். மாறாக, 18 க்கும் ஆறு வகுத்திகளே உள்ளன. அந்த எண்ணிக்கையை 12 முன்னரே எட்டிவிட்டதால் 18 உயர் பகு எண் ஆகாது.

1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 ஆகியவை முதல் பத்து உயர் பகு எண்கள். பகா எண்ணுக்கு 1 உம் அதுவும் தவிர வேறு வகுத்தி இல்லை. உயர் பகு எண் இதற்கு நேர்மாறான எல்லையில் நிற்பது. பகுபடும் தன்மையில் தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும் விஞ்சி நிற்பது.

இத்தகைய எண்களின் பயனை மனிதர் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். தமிழர் ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்தனர். வட்டத்திற்கு 360 பாகை வைத்ததும் இவ்வகையினதே. 60 க்கு 12 வகுத்திகளும் 360 க்கு 24 வகுத்திகளும் உள்ளன. கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் 'சட்டங்கள்' என்னும் நூலில், ஓர் இலட்சிய நகரின் நிலப்பங்குகள் 5040 ஆக இருக்க வேண்டும் என்று கூறியதற்கும் அவ்வெண்ணைப் பல வகையாகப் பங்கிட முடியும் என்பதே காரணம்.

இன்றைய தொழிலிலும் இதனைக் காணலாம். திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை இருப்பதாகக் கொள்வோம். அங்கே ஓர் அட்டைப்பெட்டியில் 48 பொருள்களை ஒரே அடுக்காக வரிசைப்படுத்த வேண்டுமாயின் 1×48, 2×24, 3×16, 4×12, 6×8 என ஐந்து வழிகள் உள்ளன. 50 பொருள்களுக்கோ 1×50, 2×25, 5×10 என மூன்று வழிகளே உள்ளன. இரண்டு பொருள்கள் கூடியும் வழிகள் குறைந்தன. 48 உயர் பகு எண் என்பதே இதன் உட்பொருள். 293318625600 ஐ இவ்வாறு இரண்டு எண்களின் பெருக்கலாக 2520 வழிகளில் எழுதலாம்.

பகாக் காரணிகளும் வகுத்திகளின் எண்ணிக்கையும்

இவ்வெண்ணின் பகாக் காரணிப்படுத்தல் பின்வருமாறு:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

வகுத்திகளை ஒவ்வொன்றாக எழுதி எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு பகாக் காரணியின் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டி, அவற்றைப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். 12 = 2² × 3 என்பதால் அதன் வகுத்திகள் (2+1) × (1+1) = 6. இதே முறையில்,

(6+1) × (4+1) × (2+1) × (2+1) × 2 × 2 × 2 × 2 = 7 × 5 × 3 × 3 × 16 = 5040

இதற்குக் காரணம் எளியது. ஒரு வகுத்தியை உருவாக்கும்போது 2 ஐ ஒரு முறையும் சேர்க்காமல் விடலாம். அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை சேர்க்கலாம். ஆக ஏழு தெரிவுகள். 3 க்கு ஐந்து தெரிவுகள். இவ்வாறே மற்றவையும்.

இந்த 5040 வகுத்திகளுள் ஒற்றைப்படை எண்கள் 720. முழு வர்க்கங்கள் 48. எந்தப் பகாக் காரணியும் ஒரு முறைக்கு மேல் வராத வகுத்திகள் 256.

இன்னொரு சுவையான செய்தி: வகுத்திகளின் எண்ணிக்கையாகிய 5040 தானும் ஓர் உயர் பகு எண். 5040 இன் வகுத்திகள் 60. அதுவும் உயர் பகு எண். 60 இன் வகுத்திகள் 12. 12 இன் வகுத்திகள் 6. 6 இன் வகுத்திகள் 4. இவை அனைத்தும் உயர் பகு எண்களே. 4 இன் வகுத்திகள் 3 என்னும்போதுதான் இச்சங்கிலி அறுபடுகின்றது.

வகுபடும் தன்மை

1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் 293318625600 மீதியின்றி வகுபடும். இதனை வகுக்காத மிகச்சிறிய எண் 23 ஆகும். 1 முதல் 40 வரையுள்ள எண்களுள் 23, 29, 31, 37 ஆகிய நான்கு மட்டுமே இதனை வகுக்கா. 1 முதல் 22 வரையிலான எண்களின் மீச்சிறு பொது மடங்கு 232792560. இவ்வெண் அதன் 1260 மடங்கு.

பள்ளியில் கற்கும் வகுபடு விதிகளைக் கொண்டே மாணவர்கள் இவற்றுள் சிலவற்றைச் சரிபார்க்கலாம்.

- இலக்கங்களின் கூட்டுத்தொகை 2+9+3+3+1+8+6+2+5+6+0+0 = 45. ஆகவே 9 ஆல் வகுபடும். இவ்வெண் 45 ஆலும் வகுபடுவதால், தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்ணாகவும் ஆகின்றது. இத்தகைய எண்களுக்கு இந்தியக் கணிதவியலர் த. இரா. காப்ரேக்கர் ஹர்ஷத் எண்கள் என்று பெயரிட்டார்.
- வலமிருந்து இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் வந்தால் 0−0+6−5+2−6+8−1+3−3+9−2 = 11 கிடைக்கும். ஆகவே 11 ஆல் வகுபடும்.
- வலமிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்தால் 600, 625, 318, 293. இவற்றை மாறிமாறிக் கூட்டிக் கழித்தால் 600 − 625 + 318 − 293 = 0. ஆகவே 1001 ஆல் வகுபடும். 1001 = 7 × 11 × 13 என்பதால் இம்மூன்று பகா எண்களாலும் வகுபடும் என்பது ஒரே கணக்கில் தெரிகின்றது.

பழந்தமிழ்ப் பின்ன அளவைகளில் மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இம்மூன்று பின்னங்களுக்கும் இவ்வெண்ணின் பங்கு முழு எண்ணாகவே வரும். இதன் முந்திரி 916620705 ஆகும். 320 = 2⁶ × 5 என்பதால், இவ்வெண்ணில் உள்ள ஆறு இரண்டுகளும் முந்திரியோடு தீர்ந்துவிடுகின்றன. ஆகவே கிடைக்கும் பங்கு ஒற்றைப்படை எண். அதற்கு மேல் பாதியாக்க இயலாது.

அடுக்குகளின் ஒழுங்கு

இவ்வெண்ணின் பகாக் காரணிகளின் அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று வருகின்றன. இவை இறங்குமுகமாக இருப்பது தற்செயலன்று. உயர் பகு எண் எதிலும் அடுக்குகள் இவ்வாறே அமையும் என்று இராமானுசன் நிறுவினார். பெரிய பகா எண்ணுக்குச் சிறியதைவிட உயர்ந்த அடுக்கு இருப்பதாகக் கொள்வோம். அவ்விரு அடுக்குகளையும் இடம் மாற்றினால் வகுத்திகளின் எண்ணிக்கை மாறாது. எண் மட்டும் சிறியதாகிவிடும். எனவே முதலில் எடுத்துக்கொண்டது உயர் பகு எண்ணாக இருக்க முடியாது.

இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாது என்பதும் இதிலிருந்தே பெறப்படும். 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லா உயர் பகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும் என்பதும் இராமானுசனின் முடிவு. இங்கே கடைசிப் பகா எண் 19. அதன் அடுக்கு 1.

இவ்விதிகளை நிறைவு செய்யும் எல்லா எண்களும் உயர் பகு எண்கள் ஆகிவிடா. தகுதியுடைய எண்கள் பல. அவற்றுள் வெல்வன சில. 293318625600 உடன் போட்டியிடும் சில எண்களைக் கீழே காணலாம். இவை அனைத்தும் அதனைவிடச் சிறியவை.

- 2⁷ × 3³ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 = 195545750400; வகுத்திகள் 4608
- 2⁷ × 3² × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23 = 214169155200; வகுத்திகள் 4608
- 2³ × 3³ × 5 × 7 × 11 × 13 × 17 × 19 × 23 × 29 = 232908956280; வகுத்திகள் 4096
- 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23 = 240940299600; வகுத்திகள் 4800
- 2⁵ × 3³ × 5³ × 7² × 11 × 13 × 17 × 19 = 244432188000; வகுத்திகள் 4608
- 2⁸ × 3³ × 5 × 7 × 11 × 13 × 17 × 19 × 23 = 257002986240; வகுத்திகள் 4608

இவற்றுள் எதுவும் 5040 ஐ எட்டவில்லை. இத்தகைய ஒப்பீட்டைத்தான் இராமானுசன் கணினியோ கணக்கிடும் பொறியோ இன்றி நூற்றுக்கணக்கான எண்களுக்குக் கையால் செய்ய வேண்டியிருந்தது.

இராமானுசனின் ஆய்வுக்கட்டுரை

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன், 1912 ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகப் பணியேற்றார். 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ச் டிரினிட்டி கல்லூரியில் பேராசிரியர் ஹார்டியுடன் ஆய்வு செய்தார். அங்கே அவர் எழுதிய நீண்ட கட்டுரைகளுள் தலையாயது 'உயர் பகு எண்கள்' என்பதாகும். இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில் 1915 ஆம் ஆண்டில் 347 முதல் 409 வரையிலான பக்கங்களில் இது வெளிவந்தது. இவ்வாய்வின் அடிப்படையிலேயே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் அவருக்குப் பி.ஏ. பட்டம் வழங்கியது.

வெளிவந்த 63 பக்கங்களும் கட்டுரையின் முழு வடிவம் அல்ல. முதல் உலகப்போர்க் காலமாகிய அந்நாளில் இலண்டன் கணிதக் கழகம் பணத்தட்டுப்பாட்டில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டுக் கட்டுரையின் பிற்பகுதி நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட அப்பகுதி இராமானுசனின் கையெழுத்துப்படியாகவே நெடுங்காலம் இருந்து, 1988 இல் அவருடைய தொலைந்த குறிப்பேட்டுடன் ஒளிப்படியாக வெளிவந்தது. பின்னர் பிரெஞ்சுக் கணிதவியலர்களான ழான்-லூயி நிக்கோலா, கி ரோபின் ஆகியோரின் விளக்கக் குறிப்புகளுடன் 1997 இல் 'இராமானுசன் ஆய்விதழில்' அச்சேறியது.

விடுபட்ட எண்

அட்டவணையில் இவ்வெண் இருக்க வேண்டிய இடத்தின் அண்டை எண்கள் வருமாறு:

- 146659312800 = 2⁵ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19; வகுத்திகள் 4320
- 160626866400 = 2⁵ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23; வகுத்திகள் 4608
- 240940299600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23; வகுத்திகள் 4800
- 293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19; வகுத்திகள் 5040
- 321253732800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23; வகுத்திகள் 5376
- 481880599200 = 2⁵ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23; வகுத்திகள் 5760

இப்பட்டியலை உற்று நோக்கினால் இவ்வெண்ணின் தனித்தன்மை புலப்படும். இதற்கு முந்தைய இரண்டு உயர் பகு எண்களிலும் 23 என்னும் பகா எண் வந்துவிட்டது. இதற்கு அடுத்த எண்ணிலும் 23 உள்ளது. இடையில் நிற்கும் இது மட்டும் 23 ஐக் கைவிட்டு 19 உடன் நின்றுவிடுகின்றது. அட்டவணையின் எல்லைக்குள் இதற்குப் பின் வரும் எல்லா எண்களும் 23 ஆல் வகுபடுபவை. ஆகவே 19 ஐ மிகப்பெரிய பகாக் காரணியாகக் கொண்டு அவ்வெல்லைக்குள் வரும் கடைசி உயர் பகு எண் இதுவே ஆகும்.

முந்தைய எண்ணிலிருந்து இவ்வெண்ணுக்குச் செல்ல, 23 ஐ நீக்கிவிட்டு 2² × 7 = 28 ஐச் சேர்க்க வேண்டும். 23 ஐ நீக்கியதால் வகுத்திகள் பாதியாகின்றன. ஆனால் 2 இன் அடுக்கு 4 இலிருந்து 6 ஆவதால் வகுத்திகள் ஐந்துக்கு ஏழாகப் பெருகுகின்றன. 7 இன் அடுக்கு 1 இலிருந்து 2 ஆவதால் இரண்டுக்கு மூன்றாகப் பெருகுகின்றன. 4800 × ½ × 7/5 × 3/2 = 5040. இழப்பைவிட ஈட்டம் சற்றே மிகுதி. அடுத்த எண்ணுக்குச் செல்லும்போதோ 3 × 7 = 21 ஐ நீக்கி 23 மீண்டும் சேர்க்கப்படுகின்றது.

எண் விடுபட்டதை அட்டவணையின் தோற்றத்தைக் கொண்டு கண்டறிய இயலுமா? இயலாது. இவ்வெண் இல்லாவிட்டால் அட்டவணை 240940299600 இலிருந்து நேராக 321253732800 க்குத் தாவும். அத்தாவலின் விகிதம் 4/3. ஆனால் அதற்கு முந்தைய தாவலும் (160626866400 இலிருந்து 240940299600) பிந்தைய தாவலும் (321253732800 இலிருந்து 481880599200) 3/2 என்ற இன்னும் பெரிய விகிதம் உடையவை. இரண்டு பெரிய தாவல்களுக்கு நடுவே ஒரு சிறிய தாவல் ஐயத்தை எழுப்பாது. ஆகவே இத்தகைய அட்டவணையை நம்ப வேண்டுமாயின் மீண்டும் முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்பதே வழி.

மேம்பட்ட உயர் பகு எண்களும் இவ்வெண்ணும்

உயர் பகு எண்களுக்குள்ளும் மேம்பட்ட உயர் பகு எண்கள் என்னும் ஒரு சிறப்பு வகையை இராமானுசன் வரையறுத்தார். இவற்றைத் தேட வேண்டியதில்லை. ஒரு வாய்பாட்டினாலேயே எழுதிவிடலாம். அவ்வாய்பாடு பின்வருமாறு: 'க' என்னும் ஏதேனும் ஒரு மிகை எண்ணைத் தெரிவு செய்க. ஒவ்வொரு பகா எண்ணையும் க அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றைக் கழித்து, அதன் தலைகீழியைக் காண்க. அதன் முழு எண் பகுதியே அப்பகா எண்ணுக்கு உரிய அடுக்கு ஆகும். இவ்வாறு அமையும் எண் தானாகவே உயர் பகு எண்ணாக இருக்கும்.

மேலே கண்ட 321253732800 இவ்வகையைச் சேர்ந்தது. அதற்கு முந்தைய மேம்பட்ட உயர் பகு எண் 13967553600. 293318625600 இவ்வகையைச் சேர்ந்ததன்று. இதனை எளிதில் நிறுவலாம். 3 க்கு அடுக்கு 4 கிடைக்க வேண்டுமாயின் 3 இன் க அடுக்கு 1.25 ஐ மிஞ்சக்கூடாது. அதாவது க ஏறத்தாழ 0.2031 க்கு மேற்படக்கூடாது. 23 காரணியாக வராமல் இருக்க வேண்டுமாயின் 23 இன் க அடுக்கு 2 ஐ மிஞ்ச வேண்டும். அதாவது க 0.2210 க்கு மேற்பட வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நடவா. எனவே எந்தக் 'க' வைத் தெரிவு செய்தாலும் வாய்பாடு இவ்வெண்ணைத் தராது.

ஆகவே வாய்பாடு தரும் எண்களுள் ஒன்று அட்டவணையில் விடுபடவில்லை. இரண்டு வாய்பாட்டு எண்களுக்கு இடையே, ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டிய எண்களுள் ஒன்றே விடுபட்டது. இராமானுசன் நிறுவிய தேற்றங்களுள் எதுவும் இவ்விடுபாட்டினால் பாதிக்கப்படவில்லை. தேற்றம் நிறுவலின் மேல் நிற்பது; அட்டவணை தேடலின் மேல் நிற்பது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் உணர்வதற்கு இவ்வெண்ணைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதே வேளையில், 102 எண்களைப் பிழையின்றிக் கண்டு, ஒன்றை மட்டுமே தவறவிட்டது அவருடைய கணக்கிடும் ஆற்றலுக்குச் சான்றாகவும் அமைகின்றது.

வகுத்திகளின் கூட்டுத்தொகையும் ரீமன் கருதுகோளும்

இவ்வெண்ணின் எல்லா வகுத்திகளையும் (அவ்வெண்ணையும் சேர்த்து) கூட்டினால் கிடைப்பது:

127 × 121 × 31 × 57 × 12 × 14 × 18 × 20 = 1642243014720

இது 293318625600 இன் ஏறத்தாழ 5.5988 மடங்கு ஆகும். வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்டிருந்தால் அது மிகை எண் எனப்படும். அவ்வகையில் இது மிகவும் செழிப்பான மிகை எண்.

இவ்விகிதம் எவ்வளவு பெரியதாக வளரலாம் என்னும் வினா எண் கோட்பாட்டின் தீராத பெருஞ்சிக்கலுடன் தொடர்புடையது. 1984 இல் ரோபின் பின்வரும் முடிவை நிறுவினார்: ஓர் எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மீண்டும் இயல் மடக்கை எடுத்து, 1.78107… என்னும் மாறிலியால் பெருக்குக. 5040 ஐ விடப் பெரிய எல்லா எண்களுக்கும் மேற்கூறிய விகிதம் இப்பெருக்கலைவிடக் குறைவாக இருக்குமாயின் ரீமன் கருதுகோள் உண்மை. ஓர் எண்ணுக்கேனும் குறைவாக இல்லாவிட்டால் அக்கருதுகோள் பொய்.

நம் எண்ணுக்கு இதனைச் சோதிக்கலாம். இதன் இயல் மடக்கை 26.4045, அதன் இயல் மடக்கை 3.2735, பெருக்கல் 5.8304. விகிதம் 5.5988 இதனைவிடக் குறைவு. எனவே ரோபினின் சமனிலி இங்கே நிறைவு பெறுகின்றது. 5040 க்கோ விகிதம் 3.8381, எல்லை 3.8169. அங்கே சமனிலி தவறுகின்றது. இவ்வாறு தவறும் எண்களுள் இதுவரை அறியப்பட்டவற்றில் மிகப்பெரியது 5040 ஆகும். 293318625600 இன் வகுத்திகளின் எண்ணிக்கையாக வந்த அதே 5040 இங்கும் வருவது தற்செயலான ஒற்றுமையே.

1915 இல் பணத்தட்டுப்பாட்டால் நீக்கப்பட்ட பகுதியில், ரீமன் கருதுகோள் உண்மை எனக் கொண்டு, போதிய அளவு பெரிய எண்களுக்கு இத்தகைய எல்லை பொருந்தும் என்பதைக் காட்டும் முடிவுகளை இராமானுசன் பெற்றிருந்தார். அப்பகுதி அச்சில் வருவதற்குள் ரோபின் தம் முடிவைத் தனியே கண்டு வெளியிட்டுவிட்டார். ரீமன் கருதுகோளோ 1859 இல் முன்வைக்கப்பட்டது முதல் இன்றுவரை நிறுவப்படவில்லை.

ஆய்லரின் ஃபை சார்பு

293318625600 ஐ விடச் சிறியவையும் அதனுடன் 1 ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவையுமான எண்கள் 50164531200 ஆகும். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 17 எண்களே இதனுடன் காரணித் தொடர்பு அற்றவை.

பிற்கால ஆய்வுகள்

உயர் பகு எண்கள் எவ்வளவு நெருக்கமாக அமைந்துள்ளன என்பது இராமானுசனுக்குப் பின்னும் ஆராயப்பட்டது. எண்கள் பெரிதாகப் பெரிதாக அடுத்தடுத்த இரு உயர் பகு எண்களின் விகிதம் 1 ஐ நெருங்கும் என்பதை அவரே காட்டியிருந்தார். அங்கேரியக் கணிதவியலர் பால் ஏர்டோசு 1944 இல், குறிப்பிட்ட எல்லை வரையுள்ள உயர் பகு எண்களின் எண்ணிக்கைக்கு ஒரு கீழ்வரம்பை நிறுவினார். நிக்கோலா 1971 இல் அதற்கு மேல்வரம்பு ஒன்றைத் தந்தார்.

கணினிகளின் வரவால் இன்று ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட உயர் பகு எண்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. 293318625600 அப்பட்டியலில் 240940299600 க்கும் 321253732800 க்கும் இடையே தனக்குரிய இடத்தில் இருக்கின்றது. அடிப்படைக் கணினி நிரலாக்கம் அறிந்த மாணவர் ஒருவர், அடுக்குகள் இறங்குமுகமாக அமைய வேண்டும் என்னும் விதியை மட்டும் கொண்டு, இராமானுசனின் முழு அட்டவணையையும் தாமே உருவாக்கிச் சரிபார்க்கலாம். அவ்வாறு செய்பவர் 103 எண்களைப் பெறுவார்.

பண்புகளின் சுருக்கம்

- இலக்கங்கள்: 12
- பகாக் காரணிகள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19
- வகுத்திகளின் எண்ணிக்கை: 5040
- வகுத்திகளின் கூட்டுத்தொகை: 1642243014720
- ஆய்லரின் ஃபை சார்பின் மதிப்பு: 50164531200
- முந்தைய உயர் பகு எண்: 240940299600
- அடுத்த உயர் பகு எண்: 321253732800
- இதனை வகுக்காத மிகச்சிறிய இயற்கை எண்: 23

இவற்றையும் பார்க்கவும்

- சீனிவாச இராமானுசன்
- உயர் பகு எண்
- பகா எண்
- 1729 (எண்)
- 5040 (எண்)
- ரீமன் கருதுகோள்
- தமிழர் பின்ன அளவைகள்